மாத்திரை கேட்டால் குற்றவாளியா?

இஷாத் தொழுகை முடிந்த நேரம். பாத்திரக் கடையில் வேலை செய்யும் சகோதரர் ஒருவர் மருந்துக் கடைக்குப் போகிறார். மனநோய்க்காக இரண்டு ஆண்டுகளாக மருந்து சாப்பிடுபவர். வல்ல அல்லாஹ்வின் அருளால் நோய் அடங்கி, உழைத்துத் தன் குடும்பத்தைக் காப்பாற்றி வருபவர். மறுநாள் காலைக்கு மாத்திரை இல்லை. சீட்டை நீட்டுகிறார். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பத்துப் பேர் நிற்கும் இடத்தில் சத்தமாகச் சொல்கிறார்: "இது பழைய சீட்டு பாய். இந்த மாதிரி மாத்திரையெல்லாம் இங்கே கேட்டு வராதீங்க."

அடுத்த கடையில் ஸ்டாக் இல்லை. மூன்றாவது கடையில், "யாருக்கு? உங்களுக்கா?" என்று மேலும் கீழும் ஒரு பார்வை! புதுச் சீட்டு வாங்கலாம் என்றால் டாக்டர் இருப்பது மாவட்டத் தலைநகரில். ஒரு நாள் சம்பளம், பஸ் செலவு, டாக்டர் ஃபீஸ் மூன்றும் போக வேண்டும். அவர் நான்கு நாட்கள் மாத்திரை இல்லாமல் இருந்தார். ஐந்தாம் நாள் தூக்கம் போனது. அந்த மாத முடிவில் வேலையும் போனது.

சர்க்கரை நோயாளிக்கு இந்தக் கதி உண்டா? இரண்டு வருடத்துச் சீட்டைக் காட்டினாலும், சீட்டே இல்லாமல் காலி அட்டையைக் காட்டினாலும் மாத்திரை கிடைக்கிறது. மூளையும் உடம்பின் ஓர் உறுப்புதானே? அதற்கு மட்டும் ஏன் இந்த அவமானம்?

சட்டம் என்ன சொல்கிறது?

"சட்டம் அப்படி, நாங்கள் என்ன செய்வது?" என்கிறார்கள் கடைக்காரர்கள். அவர்களுடைய அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. தூக்க மாத்திரையையும் வலி மாத்திரையையும் போதைக்காக வாங்கும் கூட்டம் இருக்கிறது. அதற்குத் துணை போகும் கடைகள் மீது போலீஸ் நடவடிக்கையும் வருகிறது. நம் இளைஞர்களைச் சீரழிக்கும் இந்தப் போதை வியாபாரம் ஒழிய வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் சட்டம் நோயாளியைத் துரத்தச் சொல்லவில்லை! மருந்துகள் விதிகள், 1945இன் 65ஆம் விதியைப் படித்துப் பாருங்கள். ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து தரலாம்; ஆனால் இத்தனை முறை, இத்தனை நாள் இடைவெளியில் தரலாம் என்று டாக்டர் அந்தச் சீட்டிலேயே எழுதியிருந்தால், அதன்படி தரலாம். ஒவ்வொரு முறையும் கடையின் பெயர், முகவரி, தேதியைச் சீட்டில் குறிக்க வேண்டும். டயசிபாம், அல்பிரசோலம், நைட்ரசிபாம் போன்றவை 2014 மார்ச் முதல் எச்-1 அட்டவணையில் உள்ளன. இவற்றை விற்கும்போது டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்!

அதாவது, டாக்டர் ஒரு வரி எழுதினால், கடைக்காரர் ஒரு வரி பதிந்தால், நம் சகோதரரின் வேலை போயிருக்காது. டாக்டருக்கு எழுத நேரமில்லை. கடைக்காரருக்குப் பதிவேடு எழுத மனமில்லை. இருவருக்கும் நடுவில் நோயாளி நசுங்குகிறார். இந்த மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் அடங்கிய நோய் திரும்பலாம். டயசிபாம் போன்றவற்றை நீண்ட நாள் சாப்பிட்டவருக்கு நடுக்கமும் வலிப்பும்கூட வரலாம். இது தலைவலி மாத்திரை அல்ல.

அரசின் கடமை

2017இல் இயற்றப்பட்ட மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துகளை வட்டார அளவிலான அரசு சமுதாய நல மையம் முதல் மேலே உள்ள எல்லா அரசு மருத்துவமனைகளிலும் மனநோயாளிகளுக்கு எப்போதும் இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. "எப்போதும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். "டாக்டர் வரும் நாளில் வா", "அடுத்த வாரம் மருந்து வரும்" என்று திருப்பி அனுப்புவது சட்ட மீறல். 2021 முதல் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரையை வீடு தேடிக் கொண்டுவந்து தரும் தமிழக அரசால், மனநோய் மருந்து தடையின்றிக் கிடைக்க வழி செய்ய முடியாதா?

நம் பங்கு என்ன?

அரசை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க நமக்கு உரிமை இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 உயிர்கள் பறிபோயின. மருந்து கொடுக்க வேண்டியவர்களுக்குச் சங்கிலி போட்ட கொடுமை அது! எந்த நோயையும் அதற்குரிய நிவாரணி இல்லாமல் அல்லாஹ் இறக்கவில்லை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதை நாம் மேடைகளில் முழங்குகிறோம். அதே வாயால், மாத்திரை சாப்பிடும் சகோதரனைப் "பைத்தியம்" என்கிறோம். "ஈமான் இருந்தால் மாத்திரை எதற்கு?" என்று உபதேசமும் செய்கிறோம். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடம் இருந்தது. அந்த வரலாற்றைப் பெருமை பேசும் நாம், நம் முஹல்லாவில் மருந்துச் சீட்டைச் சட்டைப் பைக்குள் ஒளித்து வைக்க வைத்திருக்கிறோம்.

எனவே சகோதரர்களே, செய்ய வேண்டியவை இவை:

1. நோயாளிகள், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, எத்தனை மாதத்துக்கு எத்தனை முறை வாங்கலாம் என்பதைச் சீட்டிலேயே எழுதித் தரக் கேளுங்கள். மருந்தின் மூலப் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு கம்பெனி சரக்கு இல்லை என்று அலைய வேண்டியிருக்காது. மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே கடைக்குப் போங்கள். ரமளானில் நோன்புக்காக மருந்து நேரத்தை மாற்றவும் டாக்டரிடம் கேட்டே செய்யுங்கள்.

2. மருந்துக் கடை நடத்தும் நம் வியாபாரிகளே! மாதம் தவறாமல் வரும் வாடிக்கையாளர் இவர். அவருக்கு வேண்டியதை மொத்த விற்பனையாளரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பதிவேட்டை ஒழுங்காக எழுதுங்கள். இல்லை என்றால் இல்லை என்று மெதுவாகச் சொல்லுங்கள். கூட்டத்தில் மானத்தை வாங்காதீர்கள்.

3. ஜமாஅத்துகள் பைத்துல்மாலிலிருந்து ஏழை நோயாளிகளின் மருந்துக்கும் பயணச் செலவுக்கும் ஒதுக்க வேண்டும்; பெயர் வெளியே தெரியாமல் கொடுக்க வேண்டும்.

4. இளைஞர்கள் தங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் எந்த மருந்து இருக்கிறது, எது இல்லை என்று விசாரித்து, இல்லாததற்கு மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். அரசின் 14416 என்ற மனநல உதவி எண்ணை ஊரில் எல்லோருக்கும் சொல்ல வேண்டும்.

அந்தப் பாத்திரக் கடைச் சகோதரர் இப்போது மறுபடியும் மருந்து சாப்பிடுகிறார். வேலைதான் கிடைக்கவில்லை. நம்மில் எத்தனையோ முதலாளிகள் இருக்கிறோம். அவர் மாத்திரை சாப்பிடுபவர் என்று தெரிந்தே வேலை கொடுக்க யார் முன்வருவார்?