இடுப்பளவும் இல்லறமும்

கணவனும் மனைவியும் மனம் விட்டுப் பேசாத விஷயம் எது என்று கேட்டால், சிலர் பணம் என்பார்கள். சிலர் மாமியார் என்பார்கள். இரண்டும் தப்பு. அவற்றைப் பற்றித்தான் இரவு பகலாகப் பேசுகிறோமே! பேசாத விஷயம் உடம்புதான். அதைப் பேசினாலும் பரிகாசமாகத்தான் பேசுவோம்.

அடியேனும் அப்படித்தான் பேசினேன். ஒரு கல்யாணப் பந்தியில் என் மனைவியின் இலைக்கு இரண்டாம் தடவையாகப் பாயசம் வந்தது. "வேண்டாமய்யா! அப்புறம் காரில் இடம் போதாது" என்றேன். பந்தியே சிரித்தது. அவளும் சிரித்தாள். என் ஹாஸ்யத்தை நானே மெச்சிக்கொண்டு இன்னொரு கரண்டி பாயசம் வாங்கிக் கொண்டேன்.

இரண்டு மாதம் சென்றது. ஒரு நாள் காலையில் சமையலறையில் அவளுக்குத் தலை சுற்றி, அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். ராத்திரியில் பசியில்லை, பசியில்லை என்று அவள் சொல்லி வந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எத்தனை நாளாக இந்தப் பட்டினி?"

"அந்தக் கல்யாணத்திலிருந்து."

"அடடா, நான் விளையாட்டாகச் சொன்னேனே!"

"நானும் விளையாட்டாகத்தான் சிரித்தேன்."

எனக்குப் பதில் வரவில்லை. அதற்கப்புறம் எடுத்த குடும்பப் படங்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அவள் யாராவது ஒருவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்!

அன்று மாலை உபதேசம் செய்ய வாயெடுத்தேன். நல்ல வேளையாக மூடிக்கொண்டேன். தையல் பெட்டியிலிருந்து இஞ்சு டேப்பை எடுத்து அவள் கையில் கொடுத்து, "முதலில் என்னை அள" என்றேன். ஆறு மாதமாக மறைத்து வைத்திருந்ததையும் சொன்னேன். மாடிப்படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்குகிறது. ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. அந்தப் பரிசோதனைச் சீட்டு வேட்டிகளுக்கு அடியில் இருக்கிறது.

அவள் அளந்தாள். எனக்கு 98 சென்டிமீட்டர், அவளுக்கு 84. "காரில் யாருக்கு இடம் போதாது?" என்று கேட்டாள். இந்தத் தடவை இருவரும் நிஜமாகவே சிரித்தோம்.

மறுநாள் சேர்ந்தே டாக்டரிடம் போனோம். நம் நாட்டவர்களில் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90-க்குள்ளும், பெண்களுக்கு 80-க்குள்ளும் இருப்பது நல்லது என்றார். சர்க்கரை வியாதிக்கும் இருதய நோய்க்கும் வழிவிடுவது வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்புத்தானாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்தால் செல்லாது. நான் இழுத்துப் பார்த்தேன்! பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரைந்துபோகும் என்று அவளுக்கு எச்சரிக்கை செய்தார். வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேகமாக நடக்க வேண்டும் என்பது இருவருக்குமே உத்தரவு.

எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பார்க்கும் கணக்கையும் போட்டுக் காட்டினார். 1832-ல் இந்தக் கணக்குக்கு வழி காட்டியவர் வைத்தியர் அல்ல, பெல்ஜியத்துக் கணித நிபுணர் கெட்லே. ஜனங்களின் சராசரியை அறிவதே அவருடைய நோக்கம். ஆகவே, எண் ஓர் அடையாளம்தான். ஒருவரைப் பற்றிய தீர்ப்பு அல்ல. தீர்ப்புச் சொல்ல கணவனுக்கும் அதிகாரம் கிடையாது.

இப்போது எங்கள் வீட்டில் மூன்று சட்டங்கள் அமலில் இருக்கின்றன. நாலு பேர் முன்னிலையில் உடம்பைப் பற்றிப் பரிகாசம் கூடாது. "நீ இளைக்க வேண்டும்" என்று சொல்லாமல், "எனக்குப் பயமாக இருக்கிறது, சேர்ந்து நடப்போமா?" என்று கேட்க வேண்டும். பரிசோதனைச் சீட்டை வேட்டிக்கு அடியில் ஒளிக்கக் கூடாது.

மூன்று மாதமாகத் தினமும் காலையில் நடக்கிறோம். போன வாரம் எடுத்த குடும்பப் படத்தில் அவள் முன்வரிசையில் நிற்கிறாள். இடுப்பு எவ்வளவு குறைந்தது என்று கேட்கிறீர்களா? அது எங்கள் இருவருக்குள்!