படப்பெட்டியை யார் கட்டுவது?

சென்ற மாதம் செங்கல்பட்டில் நடந்த சிறு இலக்கியக் கூட்டமொன்றில் எங்கள் கல்லூரித் திரைப்பட வட்டத்தைப் பற்றிப் பேச வாய்ப்புக் கிடைத்தது. மாணவர்கள் எடுத்த ஆவணப்படம் ஒன்றைத் திரையரங்குக்குரிய வடிவில் நாங்களே ஆக்கிய கதையைச் சொல்லத் தொடங்கினோம். பத்து நிமிடம் ஆகியிருக்காது. நாங்கள் பெரிதும் மதிக்கும் மூத்த விமர்சகர் ஒருவர் எழுந்து, "ஐயா, இதெல்லாம் மெக்கானிக் வேலை. படத்தின் அழகியலைப் பேசுங்கள்" என்றார். அவையினர் பலரும் தலையசைத்தனர். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. அக்கருத்து அவருக்கு மட்டும் உரியதன்று. மாற்றுத் திரைப்படம் பற்றித் தமிழில் எழுதுவோரில் மிகப் பலர் அதையே கொண்டிருக்கின்றனர். அதை மறுப்பதற்கே இக்கட்டுரை.

படச்சுருள் காலத்தில் "பெட்டி வந்துவிட்டதா?" என்பது ஊரே கேட்ட கேள்வி. தகரப் பெட்டியில் சுருள்கள் வரும். சென்னையில் ஓடித் தேய்ந்த பிரதி, கோடும் கீறலுமாகச் சில வாரங்கள் கழித்தே மதுராந்தகத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் வந்து சேரும். ஒரு பிரதிக்கு ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும் என்பதால் பிரதிகளே குறைவு. அப்பெட்டியைக் கட்டுவது ரசாயனக் கூடத்தின் வேலை. தனி மனிதர் எவராலும் இயலாது. அன்று "இது நம் வேலையன்று" என்று சொன்னதில் நியாயம் இருந்தது.

இன்று அந்நியாயம் இல்லை. இன்றைய பெட்டி ஒரு கோப்புறை. டி.சி.பி. என்று சுருக்கி வழங்கும் அதன் இலக்கணத்தை வகுக்க ஹாலிவுட்டின் 7 பெரும் படநிறுவனங்கள் 2002-இல் கூடின. 2005 ஜூலையில் முதற்பதிப்பை வெளியிட்டன. அந்த இலக்கணம் எவரும் இலவசமாகத் தரவிறக்கிப் படிக்கக்கூடியது. ஒவ்வொரு சட்டகமும் ஜேபெக் 2000 முறையில் தனித்தனிப் படமாகச் சுருக்கப்பட வேண்டும்; நிறம் 12 பிட் ஆழத்தில் இருக்க வேண்டும்; அகலத்திரை எனில் 2048-க்கு 858 புள்ளிகள், சாதாரணத் திரை எனில் 1998-க்கு 1080; ஒலி சுருக்கப்படாமல் 24 பிட்டில் இருக்க வேண்டும். இவற்றை எம்.எக்ஸ்.எஃப். உறையில் இட்டு, எது எதன்பின் ஓட வேண்டும் என்று சொல்லும் சிறு பட்டியல்களை எக்ஸ்.எம்.எல். கோப்புகளாகச் சேர்த்தால் பெட்டி ஆயத்தம். அப்பட்டியல்களைச் சாதாரண நோட்பேடில் திறந்து படிக்கலாம். ஒவ்வொரு கோப்பும் சிதையாமல் வந்துள்ளதா என்று சரிபார்க்கும் குறியெண்ணும் அவற்றில் உண்டு. சுவடிப் பதிப்பாசிரியர் ஏடுகளை எண்ணி, விடுபட்ட ஏட்டைக் குறித்துவைப்பாரே, அதே வேலைதான். தமிழ் எம்.ஏ. படித்த எங்களுக்கே அவை புரிந்தன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மாணவர்களின் படம் மாமல்லபுரத்துக் கல்பட்டறைகளைப் பற்றியது. 32 நிமிடம் ஓடும். மின் கட்டர் வந்தபின் கல்தூள் எப்படி மூச்சுக்குள் போகிறது என்பதே அதன் பொருள். சிற்பிகள் தங்களைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும் என்பது மாணவர்களின் ஆசை. பட்டறைச் சத்தத்தையும் தூளையும் கைப்பேசியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது என்றார்கள், அது உண்மையும்கூட. சென்னையில் ஒரு நிலையத்தை அணுகினோம். படத்தைத் திரையரங்கு வடிவுக்கு மாற்ற அவர்கள் சொன்ன தொகை, படத்தை எடுக்க ஆன மொத்தச் செலவைவிட அதிகம். "இதில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டோம். "அது டெக்னிக்கல் சார், சொன்னா புரியாது" என்றார்கள்.

அந்த விடைதான் எங்களை உசுப்பியது. டிசிபி-ஓ-மேட்டிக் என்ற கட்டற்ற மென்பொருளை மாணவர் ஒருவர் கண்டெடுத்தார். கார்ல் ஹெதரிங்டன் என்பவர் 2012 முதல் எழுதி வருவது. குனூ பொது உரிமத்தில் வெளியாவது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். நிறுவுவதில் கதை ஏதுமில்லை, வேறெந்த மென்பொருளையும்போலத்தான். கதை அதன்பிறகுதான்.

எங்கள் காமிரா நொடிக்கு 25 சட்டகம் பதிந்திருந்தது. திரையரங்கின் வழக்கம் 24. புதிய கருவிகள் சில 25-ஐயும் ஏற்கும். ஆனால் எந்த அரங்கு கிடைக்கும் என்று தெரியாத நிலையில் 24-க்கே இறங்கினோம். படம் ஒரு நிமிடமும் இருபது நொடியும் நீண்டது. உளிச் சத்தம் சற்றே தாழ்ந்து ஒலித்ததை நாங்கள் மட்டுமே கவனித்தோம். மொத்தம் 48,000 சட்டகங்கள். தமிழ்த்துறைக் கணிப்பொறி நொடிக்கு இரண்டு என்ற கணக்கில் உருட்டியது. ஆறு மணி நாற்பது நிமிடம் ஆனது. விடிந்தபோது 25 ஜிபி அளவில் ஒரு கோப்புறை கிடந்தது. பல கணிப்பொறிகளைப் பிணையத்தில் இணைத்து வேலையைப் பகிர்ந்துகொள்ளும் வசதியும் அம்மென்பொருளில் உண்டு என்பது பின்னால்தான் தெரிந்தது. அடுத்த முறை கணினித்துறை ஆய்வகத்தை இரவில் கடன் கேட்டோம். (அதற்கு எழுதிய விண்ணப்பங்களைத் தொகுத்தால் தனி நூலாகும்.)

தவறுகள் நேர்ந்தன. மாணவர்கள் ஒலியைக் காதணியில் கேட்டு இரு தடத்தில் கலந்திருந்தனர். அரங்கில் பேச்சு என்பது திரைக்குப் பின்னால் நடுவிலுள்ள ஒலிபெருக்கியில் வர வேண்டும். இல்லையேல் ஓரத்தில் அமர்ந்தவருக்குப் பேசுபவர் ஒரு பக்கமும் குரல் மறுபக்கமுமாகிவிடும். இதைச் சொல்லித்தந்தவர் எட்டாம் வகுப்பு வரை படித்த ஓர் அரங்க ஆபரேட்டர். இன்னொன்று, தமிழ் எழுத்து. ஒடிசாவிலிருந்து வந்து கல் அறுக்கும் இளைஞர் ஒருவர் படத்தில் தம் மொழியில் பேசுகிறார். அவர் பேச்சுக்குத் தமிழில் துணையுரை இட்டிருந்தோம். துணையுரையைத் தனிக் கோப்பாகக் கொடுத்தபோது அரங்கின் கருவி கொம்பை ஒரு பக்கமும் காலை ஒரு பக்கமும் வீசியது. "கொத்தனார்" என்ற சொல் அன்று பட்ட பாட்டை இங்கு எழுதிக் காட்ட முடியாது. எழுத்தைப் படத்தோடு சேர்த்தே பதித்து மறுபடி ஓட்டினோம். கொம்பு எங்கே நிற்க வேண்டும் என்பது அழகியல் ஆகாதா? தமிழ் தெரிந்தவர் ஒருவர் அருகில் இல்லாமல் மெக்கானிக் மட்டும் இதைச் சரிசெய்துவிடுவாரா?

இணையத்தில் தமிழ் எழுதத் தொடங்கிய தலைமுறைக்கு இது புதிதன்று. திஸ்கி, டாப், டாம் என்று குறிமுறைகள். போதாக்குறைக்கு ஒவ்வொரு நாளேட்டுக்கும் ஒரு தனி எழுத்துரு. ஓர் இதழின் எழுத்துரு இல்லாதவருக்கு அவ்விதழ் வெறும் கிறுக்கல். அதை வாசகர் தலைவிதி என்று விட்டுவிடவில்லை. எ-கலப்பையை நிறுவக் கற்றோம், மாற்றிகளைப் பகிர்ந்தோம், ஒருங்குறிக்கு நகர்ந்தோம். அன்று "இது கணினிக்காரர் வேலை" என்று கவிஞர்கள் ஒதுங்கியிருந்தால் இன்று நாம் எதில் எழுதிக்கொண்டிருப்போம்? அதே கவிஞர்கள்தாம் இன்று திரைப்படம் என்றதும் கையைக் கட்டிக்கொள்கின்றனர்.

கட்டிய கையின் விலை என்ன என்பதையும் பார்க்க வேண்டும். 2018 மார்ச் 1 முதல் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் புதுப்படங்களை வெளியிடாமல் நிறுத்தினர். எண்ணியல் திரையிடல் நிறுவனங்கள் தங்களிடம் வாங்கும் கட்டணமே காரணம். ஏப்ரல் 20 அன்றுதான் புதுப்படம் மீண்டும் அரங்குக்கு வந்தது. அக்கட்டணத்தின் மூலக்கதை நியாயமானது. சுருள் பிரதி இல்லாததால் தயாரிப்பாளருக்கு மிஞ்சும் பணத்தில் ஒரு பங்கைக் கொடுத்து, அரங்குக்கு வாங்கிய புரொஜெக்டர் கடனை அடைப்பது. மேல்நாட்டில் அது காலவரம்பு குறித்த ஏற்பாடு. இங்கே முடிவு எப்போது என்பதுதான் சண்டை. 2020 நவம்பரில் ஊரடங்குக்குப் பின் அரங்குகள் திறந்தபோதும் அதே சண்டை வந்தது; கட்டணத்தைத் தற்காலிகமாக விலக்கிக்கொண்ட பிறகே தீபாவளிப் படங்கள் வெளிவந்தன.

இரண்டு முறையும் நம் சிற்றிதழ்கள் என்ன எழுதின? பெரிய தயாரிப்பாளருக்கும் பெரிய நிறுவனத்துக்கும் நடக்கும் வணிகச் சண்டை என்று நகர்ந்தோம். எங்களையும் சேர்த்தே சொல்கிறோம். ஆனால் கட்டணத்துக்கு அப்பால் வேறொரு கேள்வி இருந்தது. படத்தைத் திரையரங்கு வடிவில் ஆக்கித் தரும் வேலையை யார் செய்யலாம்? இதற்கு இந்தியப் போட்டி ஆணையம் 2025 ஏப்ரலில் ஓர் ஆணையில் விடை சொன்னது. யு.எஃப்.ஓ. மூவீஸ், அதன் துணை நிறுவனமான ஸ்க்ராபிள், சென்னையின் க்யூப் ஆகியவை திரையரங்குகளுக்குக் கருவியைக் குத்தகைக்கு விடும்போது, பிறர் ஆக்கித் தரும் படங்களை அதில் ஓட்டத் தடையிட்டன. இது போட்டிச் சட்டத்துக்கு முரண் என்றது ஆணையம். முதலிரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 1.04 கோடி ரூபாயும், க்யூபுக்கு ஏறத்தாழ 1.66 கோடி ரூபாயும் தண்டம் விதித்தது. இனி அத்தகைய நிபந்தனை கூடாது என்றும் பணித்தது. மேல்முறையீட்டுக்கு இடமுள்ள ஆணைதான். ஆயினும் கேள்வி பொதுவெளிக்கு வந்துவிட்டது.

மறுதரப்பு சொல்வதில் ஒரு பாதியை ஒப்புக்கொள்கிறோம். இந்நிறுவனங்கள் முதலீடு செய்திராவிட்டால் சிறுநகர அரங்குகள் பல மூடப்பட்டிருக்கும். சென்னையில் வெளியாகும் நாளிலேயே அச்சிறுபாக்கத்தாரும் கீறலில்லாத படம் பார்ப்பது சிறு செய்தியன்று. 1986-இல் சென்னையில் தொடங்கிய ரியல் இமேஜ் நிறுவனம்தான் க்யூபை உருவாக்கியது என்பதில் எங்களுக்குப் பெருமையும் உண்டு. திருட்டுப் பிரதியைத் தடுக்கப் படத்துக்குப் பூட்டிட்டு, குறித்த அரங்குக்குக் குறித்த நாளுக்கு மட்டும் சாவி அனுப்பும் முறை வேண்டியதே. ஆனால் அந்தப் பூட்டு படத்தின் உரிமையாளர் தம் படத்துக்கு இடும் பூட்டு. அரங்கின் வாசலில் நின்று, யார் கட்டிய பெட்டி உள்ளே வரலாம் என்று தீர்மானிப்பது வேறு பூட்டு. முன்னதைக் காட்டிப் பின்னதை நியாயப்படுத்துகிறார்கள். தரம் கெடும் என்பது இன்னொரு வாதம். இலக்கணம் வெளிப்படையாக இருக்கும்போது தரத்தைச் சோதித்துக் கொள்ளலாம். பிழையிருந்தால் திருப்பி அனுப்பலாம். எங்களுடையதை அந்த ஆபரேட்டர் இரண்டு முறை திருப்பி அனுப்பினார்.

பெட்டி கையில் வந்தபின் அரங்கு தேடினோம். முதல் அரங்கின் கருவி டி.சி.பி.யையே அறியாத பழைய ரகம். தன் நிறுவனம் அனுப்பும் வடிவத்தை மட்டுமே படிக்கும். இரண்டாவது அரங்கில் கருவி எங்கள் வன்தட்டைப் படித்தது, படத்தின் பெயரையும் காட்டியது. உரிமையாளர் தயங்கினார். "மெஷின்ல ஓடும் சார். ஓட்டக்கூடாதுன்னு பேப்பர்ல இருக்கு" என்றார். மாவட்டத்தின் இன்னொரு மூலையில், கருவியைச் சொந்தமாக வாங்கிவிட்ட ஒருவர் கிடைத்தார். பொதுக் காட்சிக்குத் தணிக்கைச் சான்று வேண்டும், மென்பொருள் இலவசம் என்பதால் சட்டம் தளராது. ஆகவே அழைப்பாளர்களுக்கு மட்டுமான காட்சி. ஒரு வேலைநாளின் காலை எட்டு மணிக்கு, முதற்காட்சிக்கு முன்னால் வைத்துக்கொண்டோம். மாமல்லபுரத்திலிருந்து இரண்டு வேன்களில் சிற்பிகள் குடும்பத்தோடு வந்தனர்.

கல் அறுக்கும் காட்சியில் வெயில் சாய்வாக விழுந்து, தூள் திரை முழுவதும் மிதந்தது. முப்பதாண்டுகளாக அத்தூளுக்குள் நிற்கும் ஒரு ஸ்தபதி, "இவ்வளவா?" என்று அருகிலிருந்தவரைக் கேட்டார். அம்மூத்த விமர்சகர் பேசச் சொன்ன அழகியல் இதுதான் என்றால், ஜேபெக் சுருக்கத்தின் அளவை நொடிக்கு 100 மெகாபிட்டுக்குக் கீழே இறக்காமல் பார்த்துக்கொண்ட மாணவிக்கும் அதில் பங்குண்டு. குறைத்திருந்தால் கோப்பு சிறுத்திருக்கும். தூளும் மங்கியிருக்கும் என்பது அவர் அச்சம்.

மாணவர்கள் தங்கள் பிழைகளையெல்லாம் சேர்த்துத் தமிழில் ஒரு வழிகாட்டி எழுதி வருகின்றனர். சட்டக வேகம், நடு ஒலிபெருக்கி, எழுத்தைப் பதித்தல், வன்தட்டை லினக்ஸ் முறையில் வடிவமைத்தல் என்று பதினான்கு பக்கம் வந்திருக்கிறது. செங்கல்பட்டுப் பக்கம் வரும் குறும்படக்காரர் எவரும் கேட்டால் படியெடுத்துத் தருவோம்.

இரண்டாவது அரங்கின் உரிமையாளர் சென்ற வாரம் கல்லூரிக்கே வந்தார். அவருடைய குத்தகை அடுத்த ஆண்டு முடிகிறதாம். எந்த நிறுவனத்துடையது என்பது இங்கு வேண்டா. ஆங்கிலத்தில் இருந்த ஒப்பந்தத்தை மேசைமேல் வைத்து, "அன்னைக்கு உங்க படத்தைத் தடுத்தது எந்த வரி, காட்டுங்க சார்" என்றார். பத்தியைத் தேடிப் பென்சிலால் கோடிட்டு, தமிழில் எழுதிக் கொடுத்தோம். இரண்டு முறை படித்தார். "இதை எடுத்துட்டுக் கையெழுத்துப் போடலாமான்னு கேக்கறேன்" என்று தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.