‘அழிக்குங் கடவுள்’ என்னும் அறிமுகம்



யாம் ஆசிரியத் தொழிலினின்று ஓய்வு பெற்றபின் வதிந்து வரும் நெய்வேலிக் குடியிருப்பில், விடுமுறைக் காலத்தே சிறுவர்க்குச் சமய வகுப்பு நடத்தும் அன்பர் சிலர் உளர். அவர்தம் நன்னோக்கத்தை யாம் ஐயுறுகின்றோமல்லேம். அவர், இந்து சமயத்தின் அடிப்படைக் கொள்கைகளையும் ஒழுக்கங்களையும் தொகுத்துரைப்பதாக வெளிவந்த சிறு புத்தகமொன்றைப் பிள்ளைகள் கையிற் கொடுத்து வருகின்றனர். அதனை இயற்றினார் பெயரும் வெளியிட்டார் பெயரும் ஈண்டு வேண்டா. எமது மாறுபாடு கொள்கையோடன்றி ஆளோடன்று. அப்புத்தகத்தின் தொடக்கத்திலேயே மூன்று படங்கள் உள. அவற்றின்கீழ், பிரமன் படைக்குங் கடவுள், திருமால் காக்குங் கடவுள், சிவன் அழிக்குங் கடவுள் என வரைந்திருக்கின்றது. சிவபெருமானைப்பற்றி அந்நூல் கூறும் வரையறை அவ்வளவே.

இதனை ஒரு சிறு பிழையென்று விடுத்திருப்பேம். விடவொட்டாது செய்தவள் எம் வீட்டிற்கு இரண்டு வீடு தள்ளியிருக்கும் ஒரு சிறுமி. ஆண்டு ஒன்பது நிரம்பியவள். சென்ற ஆண்டு தந்தையை நோய்க்கு இழந்தவள். மார்கழித் திருவாதிரையன்று அவளையும் அழைத்துக்கொண்டு கோயிற்குப் புறப்பட்டபோது, “நான் வரவில்லை தாத்தா, அழிக்கிற சாமியை ஏன் கும்பிடணும்? அப்பாவையும் அந்தச் சாமிதானே அழிச்சது?” என்றாள். ஐம்பதாண்டு சித்தாந்த நூல்களோடு பழகிய எமக்கு அவ்விடத்து உடனே ஒன்றும் சொல்ல வாயெழவில்லை. அவள் தாயார் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே சென்றார். புத்தகமெழுதினோர் இதனைக் கண்டாரல்லர். காணின் அவ்வொரு வரியை அடித்திருப்பர் என்றே நம்புகின்றோம்.

இனி, அவ்வரி எத்துணைப் பொருந்தாதென்பதை ஆராய்வாம்.

அழித்தல் என்பது உள்பொருளை இல்பொருளாக்குதல் என்று அந்நூலார் கருதினர் போலும். அங்ஙனமாயின், சிவபெருமான் எதனை அழிப்பார்? உயிரையோ? உயிர் தோற்றமில்லாதது, தோற்றமில்லாததற்கு அழிவுமில்லை. மாயையையோ? அதுவும் அநாதி. பதி, பசு, பாசம் மூன்றும் என்றுமுள்ளன என்பதன்றோ சித்தாந்தத்தின் முதலெழுத்து? உள்ளது போகாது, இல்லது வாராது என்னும் சற்காரியவாதத்தை மேற்கொண்ட சமயத்தில், இல்லையாக்குங் கடவுள் ஒருவர்க்கு இடமே இல்லை. அற்றேல், சங்காரம் என்று நூல்கள் கூறுவது யாதெனின், தனு கரண புவன போகங்களாய் விரிந்த காரியம் தன் காரணமாகிய மாயையில் ஒடுங்குதல் என்க. ஒடுக்கம் வேறு, அழிவு வேறு. அன்றியும், ஒடுங்குவது எதன்கணோ அதன்கணின்றே மீளத் தோன்றவேண்டுமாகலின், ஒடுக்கும் முதல்வனே தோற்றுவிக்கும் முதல்வனுமாவான் என்பது சிவஞானபோத முதற் சூத்திரத்தாற் பெறப்படுவது. எனவே ‘ஒடுக்குபவன்’ என்றது முத்தொழிலுள் கடைப்பட்ட ஒன்றுக்கு உரியவனைச் சுட்டுவதன்று. எல்லாவற்றுக்கும் முதலாவானைச் சுட்டுவது.

அதன் பயன்தான் யாது? பிறந்திறந்து வினை நுகர்ந்து இளைத்த உயிர்க்கு ஓய்வு தருதல் என்பர் நம் ஆசாரியர். இவ்வூரார்க்கு இதனை விளக்குதல் மிக எளிது. சுரங்கத்தில் இரவு ஷிப்டு முடித்து விடியலில் வந்த ஒருவன் உறங்கும்பொருட்டு, வீட்டார் சன்னலைச் சாத்துவர், வானொலியை நிறுத்துவர், குழந்தைகளை வாயிற்புறம் அனுப்புவர். அவனுக்குரிய ஒளியையும் ஒலியையும் இவர் அழித்தார் என்று வழக்குத் தொடுப்பார் யாவர்?

“நம் முன்னோரும் அழித்தல் என்னுஞ் சொல்லை வழங்கினரன்றோ?” என்று வினவுவாரும் உளர். வழங்கினர், யாம் மறுக்கவில்லை. அவர் வழங்கிய காலத்து அச்சொல்லோடு அதன் பொருளும் ஆசிரியன் வாயிலாக உடன் சென்றது. பொருளைக் களைந்து சொல்லை மட்டும் படத்தின்கீழ் ஒட்டுவது எங்ஙனம் ஒக்கும்?

“புராணங்களே பிரமன், மால், உருத்திரன் என மூவர்க்கு மூன்று தொழில் கூறுகின்றனவே” என்பது அடுத்த ஆசங்கை. கூறுகின்றன. முத்தொழிலுள் ஒன்றினை ஏற்று நிற்கும் உருத்திரர் வேறு. மூவரையும் தத்தந் தொழிலிற் செலுத்தி நிற்கும் பரசிவம் வேறு. இப்பாகுபாடு சைவாகமங்களைத் தொட்டோர் எவரும் அறிந்தது. வைணவர் திருமாலைக் காத்தற்றொழிலோடு அமைந்த ஒருவராகவா கொள்கின்றனர்? அவர்க்கும் அவரே முழுமுதல். ஆதலின் அம்மூன்று படங்களும் சைவர்க்கும் ஆகா, வைணவர்க்கும் ஆகா. பிரமனை முழுமுதலாகக் கொண்டு வழிபடுவாரோ காண்டற்கரியர். எல்லார்க்கும் பொதுவென்று எழுதப்பட்டது, உண்மையில் ஒருவருடையதுமன்று!

இங்ஙனம் ஒரு பொதுநூல் காணும் முயற்சி இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1898-ஆம் ஆண்டு காசியில் அன்னிபெசன்டு அம்மையார் முதலாயினார் முயற்சியால் எழுந்த மத்திய இந்துக் கல்லூரி, ‘சனாதன தர்மம்’ என்னும் பெயராற் பாடநூல்கள் வெளியிட்டது. எல்லாப் பிரிவினரும் ஒப்பும் கொள்கைகளை மட்டும் தொகுப்பதே அதன் கருத்து. மறுபிறப்பு, கன்மம், சடங்குகள், ஐவகை வேள்வி, நால்வகை நிலை, நால்வகை வருணம் எனத் தலைப்புகள் அமைந்தன. நோக்கம் தூயது, ஆயினும், எல்லாரும் ஒப்புவதை மட்டும் எடுத்தால் ஒருவரும் உயிரைக் கொடுத்துப் பற்றிய பொருள் அதனுள் அகப்படுவதில்லை. திருநீறு அகப்படாது, ஐந்தெழுத்து அகப்படாது, தீக்கை அகப்படாது, அடியார் அகப்படார்.

வழக்குமன்றத்தார் இவ்வகையில் மேலானவர் என்று சொல்லவேண்டியிருக்கின்றது. சுவாமிநாராயண நெறியினர் சிலர், தாழ்த்தப்பட்டோரைக் கோயிலுக்குள் விடுமாறு பணிக்குஞ் சட்டம் தம்மைக் கட்டாதென்றும், தாம் இந்துக்களே அல்லரென்றும் வழக்காடினர். 1966-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் அதனை மறுத்துத் தீர்ப்பளித்தபோது, இந்து என்பவன் யாவனென ஆராய்ந்து, திலகர் கூறிய இலக்கணத்தை எடுத்தாண்டது. வேதத்தை மதித்தல், வீடுபேற்றுக்கு வழிகள் பலவெனக் கொள்ளல், வழிபடு தெய்வங்கள் பலவென உடன்படல் என்பனவே அதன் சாரம். அவ்விலக்கணத்தின்கண் இன்ன கடவுள் இன்ன தொழிலர் என்னும் வரையறை இல்லை. நீதிபதிகள் சைவனுக்கு விட்டுவைத்த இடத்தையும் நாற்பது பக்கச் சிறுநூல் ஒன்று அடைத்துவிடுவதோ?

இவையெல்லாம் எங்கோ தொலைவில் நிகழ்ந்திருப்பின் இத்துணை வருத்தமில்லை. நெய்வேலி எத்தகைய நிலத்தின் நடுவே இருக்கின்றதென்று பாருங்கள். மெய்கண்டதேவர் தோன்றியதாகப் போற்றப்படும் திருப்பெண்ணாகடமும், அவர் சிவஞானபோதம் அருளிய திருவெண்ணெய்நல்லூரும், அருள்நந்தி சிவாசாரியரின் திருத்துறையூரும், உமாபதிசிவம் இருந்தருளிய தில்லைப் புறத்துக் கொற்றவன்குடியும், உண்மைவிளக்கம் இயற்றிய மனவாசகங்கடந்தார் விளங்கிய திருவதிகையும் இவ்வூரினின்று ஒருநாட் செலவில் கண்டு மீளத்தக்கன. கீழ்ப்பக்கத்தே வடலூர், மேல்பக்கத்தே திருமுதுகுன்றம். சித்தாந்த சாத்திரத்தின் பெரும்பகுதியும் விளைந்த வயல் இது. 1956-ஆம் ஆண்டு நிலக்கரி நிறுவனம் தோன்றிய பின்னர்ப் பலமொழியாளரும் பலநாட்டாரும் இங்கு வந்து குடியேறினர்; அவர்தம் மக்கள் ஒரே வகுப்பில் அமர்கின்றனர்; ஆதலின் பொதுநூல் வேண்டும் என்பர் அன்பர். வேண்டுமாயின் எழுதுக. வந்தாரை வரவேற்பதற்காக இருந்தார் தம் முதல்வன் பெயரை மாற்றிச் சொல்லவேண்டும் என்னும் விருந்தோம்பல் எந்நாட்டு வழக்கு?

இன்னும் ஒன்று. இக்குடியிருப்பின் 16-ஆம் வட்டத்தில் அழகிய திருச்சிற்றம்பலமுடையான் என்னுந் திருப்பெயரோடு கூத்தப்பெருமான் எழுந்தருளியிருக்கின்றார். பத்தடி உயரமும் ஏறத்தாழ 2,400 கிலோ எடையும் உடைய ஐம்பொன் திருமேனி; இத்துணைப் பெரிய ஐம்பொற் கூத்தப்பெருமானைப் பிறிதோரிடத்து யாம் கண்டதில்லை. அத்திருமேனியின்கண் தொழில் ஒன்றன்று, ஐந்து காட்டப்பட்டுள. துடியேந்திய கையிற் படைப்பு. அமைத்த கையிற் காப்பு. அனலேந்திய கையில் ஒடுக்கம். ஊன்றிய திருவடியில் மறைப்பு. எடுத்த திருவடியில் அருள். எழுத்தறியாதாரும் கண்ணாற் கண்டு அறியும்படி உலோகத்திற் பொறித்து வைத்த பாடநூல் இது. அதன் முன்றிலில் விளையாடும் பிள்ளைகட்கு, ஐந்தில் நான்கை மறைத்து, எஞ்சிய ஒன்றையும் திரித்துக் கொடுப்பது அறிமுகமாமா?

அந்நூலின் பிற குற்றங்களை நீள விரித்தற்கு இதழில் இடமில்லை. முப்பத்துமுக்கோடி தேவர் என்றதைக் கடவுளர் தொகையென்று கொண்டது ஒன்று. தேவர் என்பார் நம்போல் வினைவயப்பட்ட உயிர்களே என்பது சித்தாந்தம். நீயே கடவுள் என்று சிறுவரை நோக்கிக் கூறியது மற்றொன்று. இரண்டறக் கலந்து நிற்றலும் ஒன்றேயாய்ப் போதலும் வேறென்பதை மெய்கண்டார் இரண்டாஞ் சூத்திரத்து விளக்கியிருப்பதை அவர் கேட்டிலர் போலும். பத்து வயதுப் பிள்ளை ‘நான் கடவுள்’ என்று நம்பின், வீட்டுப்பாடம் எழுதுவிப்பது யார்?

ஆனால் ஒன்றைச் சொல்லாது விடலாகாது. உருவ வழிபாடு அறிவு முதிராதார்க்கு ஏற்பட்ட முதற்படி. அறிவு முதிர்ந்தால் கோயில் வேண்டா என்கின்றது அந்நூல். கற்றார் பலரும் இதனை மேடைதோறுஞ் சொல்லிக் கைதட்டல் பெறுகின்றனர். சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களுள் கோயில் வழிபாடு எங்கே வைக்கப்பட்டது? முதலிலோ? இறுதியில். மலங் கழுவப்பெற்றுச் சீவன்முத்தனாய் நின்ற ஞானியே, அடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் அரன் எனவே கண்டு தொழுவான் என்பது பன்னிரண்டாஞ் சூத்திரத்தின் கருத்து. எனவே நமக்குக் கோயில் ஏணியின் அடிப்படியன்று. ஏறினவன் சென்று நிற்கும் மாடம். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கும் ஒன்றையொன்று தள்ளிவிட்டுச் செல்வனவல்ல; ஞானிக்கு நான்கும் உரியன. அப்பர் பெருமான் முதிர்ந்த பருவத்தும் உழவாரப் படையைக் கீழே வைத்தாரல்லர்.

பிறரை இத்துணை கடிந்த நாம் நம்மையும் கடிந்துகொள்ளல் முறை. ஆறுமுக நாவலர் 1848-ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிற் பாடசாலை தொடங்கிச் சிறுவர்க்கென்றே பாலபாடமும் சைவ வினாவிடையும் எழுதினார். அவர் மறைந்தது 1879-ல். அதன்பின் பண்டிதராகிய நாம் செய்தது யாது? உரைக்கு உரையும், மறுப்புக்கு மறுப்பும் எழுதினோம். மாபாடியத்தில் ஒரு தொடர்க்கு எம் மடத்தில் மூன்று நாள் வாதம் நடந்ததை இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கின்றேம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும் பத்துப் பக்கம் எம்மவர் எழுதியதுண்டோ? யாம் எழுதவில்லை. வெற்றிடத்தில் எவர் புத்தகமும் வந்து நிரம்பும். வகுப்பு நடத்தும் அன்பரிடம் யாம் சென்று குறை கூறியபோது, அவர் சினவாது, “ஐயா, இதற்கு மாற்றாக நீங்கள் ஒன்று கொடுங்கள், நாளையே அதை வைத்து நடத்துகிறேன்” என்றார். விடை கூறாது மீண்டேம். அவ்வெட்கமே இக்கட்டுரை எழுதத் தூண்டியது. பத்துப் பக்கமும் இப்பொழுது எழுதப்பட்டு வருகின்றது. திருமடங்களும் சைவ சபைகளும் அச்சிடுதற்கு முன்வரின் கையெழுத்துப் படியை உவந்து அனுப்புவேம்.

அச்சிறுமி திருவாதிரை கழிந்து பலநாள் சென்று, ஒரு மாலை தானே கோயிற்கு உடன்வந்தாள். “அப்பாவை யாரும் அழிக்கவில்லையம்மா, உயிர் அழியாது, இளைத்துப் போயிருந்தார், ஓய்வு கொடுத்திருக்கின்றார்” என்று மட்டுஞ் சொன்னேம். நம்பினாளோ இல்லையோ அறியேம். திருமேனியை நெடுநேரம் நோக்கி நின்று, “அந்தக் கால் ஏன் தாத்தா மேலே தூக்கியிருக்கு?” என்றாள். “அது அருள், நாம் பிடித்துக்கொள்வதற்காகத் தூக்கியிருக்கின்றார்” என்றேம். “புத்தகத்திலே அது இல்லையே” என்றாள். இல்லையென்று ஒப்பி, எழுதிக்கொள் என்றேம். கைப்பையிலிருந்து அப்புத்தகத்தை எடுத்து, மூன்றாம் படத்தின்கீழ் இருந்த சொல்லைக் கோடிட்டு அடித்து, ஓரத்தில் ஐந்து தொழிலையும் பென்சிலால் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள். ‘மறைப்பு’ என்பதற்கு இடையின ரகரமா வல்லின றகரமா என்று மட்டும் ஒருமுறை கேட்டாள்.