சுவரில் முட்டினால் திரும்பும் ரோபோ

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்திலிருந்து 2021 பிப்ரவரியில் ஓர் ஆய்வுக் கட்டுரை 'சயின்ஸ் ரோபாட்டிக்ஸ்' இதழில் வந்தது. முதல் ஆசிரியர் டிலன் ட்ரோட்மன், அப்போது மைக்கேல் டாலியின் ஆய்வகத்தில் முனைவர் பட்ட மாணவர். அவர் செய்திருந்த நான்கு கால் ரோபோவில் சர்க்யூட் போர்டு இல்லை, சில்லு இல்லை. அழுத்தக் காற்று வந்துகொண்டிருந்தால் போதும், ஆமையைப் போல எதிர்மூலைக் கால்களை மாற்றி மாற்றி வைத்து நடந்துவிடும். எல்லோரும் பேசியது அந்த நடையைப் பற்றி. என் கவனம் போனதோ, முன்னால் நீண்டிருந்த தண்டின் நுனியில் இருந்த சிறிய திரவக் குமிழின் மேல். சுவரில் முட்டியதும் குமிழ் நசுங்குகிறது. உள்ளிருக்கும் திரவம் போய் உடலில் உள்ள ஒரு வால்வைப் புரட்டுகிறது. காற்று போகும் பாதை மாறுகிறது, ரோபோ எதிர்த்திசையில் நடக்கத் தொடங்குகிறது. 'எதிரே சுவர்' என்ற செய்தி இந்த வழியில் எந்த இடத்திலும் எண்ணாக மாறவில்லை.

நெகிழும் உடல்கொண்ட மென் ரோபோக்களில் மின்னணு இல்லாத உணர்தல் என்று ஆய்வுக்கு வரும் மாணவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய நுனி இதுதான் என்பது என் கருத்து. காற்றாலோ திரவத்தாலோ ஒரு நல்ல அளவுகோல் செய்துவிட முடியாது. ஆனால் தொடுகையையே செயலாக மாற்ற முடியும். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால் நல்ல உழைப்பு வீணாவதைப் பாய்ம இயக்கவியல் ஆசிரியனாகப் பார்த்துவருகிறேன்.

அந்த வால்வைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். 2018இல் ஹார்வர்டில் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழு வெளியிட்ட வடிவம் இது. ஒரு சிறு உருளை. அதன் நடுவே அரைக்கோளமாகப் புடைத்த ரப்பர் சவ்வு. சவ்வின் ஒவ்வொரு பக்கமும் ஒரு மெல்லிய குழாய். அழுத்தம் ஓர் அளவைத் தாண்டியதும் சவ்வு, டப்பா மூடியை அழுத்தினால் உள்வாங்குவதுபோல, 'டொக்'கென்று மறுபக்கம் புடைக்கிறது. அப்போது ஒரு குழாய் மடங்கி அடைபடுகிறது, இன்னொன்று நிமிர்ந்து திறக்கிறது. அழுத்தம் சற்றுக் குறைந்தவுடனே சவ்வு பழைய நிலைக்கு வந்துவிடாது. இன்னும் நன்றாகக் குறைய வேண்டும். போகும் எல்லைக்கும் திரும்பும் எல்லைக்கும் உள்ள இந்த இடைவெளியால் சிறு அதிர்வுகளுக்கெல்லாம் வால்வு தடுமாறுவதில்லை. கடைசியாக நடந்ததை ஒருவகையில் நினைவிலும் வைத்திருக்கிறது. மூன்று வால்வுகளை வளையமாக இணைத்தால் அவை ஒன்றையொன்று புரட்டிக்கொண்டே இருக்கும். ட்ரோட்மனின் ரோபோவுக்கு நடையின் தாளத்தைக் கொடுத்ததும் இத்தகைய வளையம்தான்.

இதற்கு எதிர்த்துருவம் எம்.ஐ.டி. குழு 2022இல் காட்டிய முறை. முப்பரிமாண அச்சில் உருவாக்கிய பின்னல் அமைப்புக்குள் காற்றுக் கால்வாய்களை விட்டிருந்தார்கள். அமைப்பு வளைந்தாலும் நசுங்கினாலும் கால்வாயின் அழுத்தம் மாறும். மிக அழகான வேலை. ஆனால் அந்த மாற்றத்தைப் படிப்பவை கடையில் கிடைக்கும் மின்னணு அழுத்த சென்சார்கள். அதிலிருந்து வடிவத்தைக் கணிப்பது நரம்பியல் வலைப்பின்னல் மென்பொருள். ரோபோவின் உடலைவிட்டு மின்னணு வெளியே போயிருக்கிறது, இல்லாமல் போகவில்லை. அந்தக் குழு இதை மறைக்கவுமில்லை. சிக்கல், இந்த வழியில் செய்த வேலைக்கும் ட்ரோட்மனின் வழியில் செய்ததற்கும் 'மின்னணு இல்லாதது' என்று ஒரே பட்டத்தைச் சூட்டும் மாணவர் திட்டங்களில்தான். துல்லியமான எண் வேண்டுமென்றால் முதல் வேலையாக ஒரு சென்சாரை வாங்கிவிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காற்றை அளவுகோலாக நம்பக் கூடாது என்பதற்கு இயற்பியலே காரணம். மூடிய கலத்தில் காற்று 27 டிகிரியிலிருந்து 37 டிகிரி செல்சியஸுக்குச் சூடானால், கலம் விரியாதபட்சத்தில், அழுத்தம் ஏறத்தாழ 3.4 கிலோபாஸ்கல் கூடிவிடும். மெல்லத் தொடும்போது எழும் அழுத்தத்தை மூழ்கடிக்க இது போதும். சிலிக்கோன் ரப்பர் காற்றைக் கசியவிடும் பொருள் என்பதால் கலம் நாள்பட இளைத்தும் போகும். வேகமும் பிரச்சினைதான். அழுத்த மாற்றம் ஒலியின் வேகத்தில் ஒரு மீட்டர் குழாயை மூன்று மில்லி விநாடியில் கடந்துவிடும், உண்மை. ஆனால் வால்வு புரள, மறுமுனையில் உள்ள அறை நிரம்ப வேண்டுமே! சீரான ஓட்டத்தில் குழாயின் விட்டத்தைப் பாதியாக்கினால் தடை பதினாறு மடங்காகும். கருவியைச் சிறிதாக்கும் ஆசையில் குழாயை ஒல்லியாக்கும் மாணவர் அதற்கான விலையை நேரமாகக் கொடுக்கிறார்.

சில ரூபாய்க்கு மைக்ரோ கன்ட்ரோலர் கிடைக்கும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, இதற்கு முன்பும் எழுந்ததுதான். 1960களில் அமெரிக்க ராணுவத்தின் ஹாரி டயமண்ட் ஆய்வகத்திலிருந்து கிளம்பிய பாய்மத் தர்க்கக் கருவிகள் பெரும் நம்பிக்கையை ஊட்டின. ஒருங்கிணைந்த சில்லு மலிவானதும் கணக்கிடும் வேலையிலிருந்து அவை ஓரங்கட்டப்பட்டன. இன்றும் கணக்கிடும் போட்டியில் காற்று ஜெயிக்காது. மின்னணுவுக்கு ஆகாத இடங்களாக வழக்கமாகச் சொல்லப்படும் எம்.ஆர்.ஐ. அறை, எரிவாயு தேங்கும் சுரங்கம் ஆகிய உதாரணங்களையும் நான் முழுதாக ஏற்பதில்லை. அங்கெல்லாம் ஒளியிழை சென்சார்கள் ஏற்கெனவே போட்டியில் இருக்கின்றன. அழுத்தக் காற்றைத் தரும் கம்ப்ரசரும் பெரும்பாலும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது.

எனக்கு வலுவாகப் படும் காரணம் வேறு. மென் ரோபோவின் தசை ஏற்கெனவே காற்றால் இயங்குவது. தொடுகையும் காற்றாகவே வந்தால் இடையில் மொழிபெயர்ப்பு எதுவும் தேவையில்லை. உடலையும் கட்டுப்பாட்டையும் ஒரே பொருளில், ஒரே மூச்சில் செய்துவிடலாம். டாலியின் ஆய்வகத்திலிருந்து 2023இல் வந்த பற்றுக்கரம் இதற்குச் சான்று. விரல், வால்வு, தொடு சென்சார், சாய்வை உணரும் பகுதி எல்லாமே ஒரே அச்சில் வெளிவந்தன. பொருள் பட்டதும் பிடிக்கிறது, கரத்தைக் கிடைமட்டமாகத் திருப்பினால் விட்டுவிடுகிறது. இதைவிட என்னைக் கவர்ந்தது அச்சிட்ட முறை. அச்சுமுனை நின்று தொடங்கும் இடங்களில்தான் காற்று கசியும். அதனால் ஒவ்வொரு அடுக்கையும் எங்கும் நிற்காமல் ஒரே கோடாக வரைந்து முடிக்கும் பாதையை அமைத்திருந்தார்கள். கோனிக்ஸ்பெர்க் நகரத்துப் பாலங்கள் எல்லாவற்றையும் ஒரே நடையில், ஒவ்வொன்றையும் ஒருமுறை மட்டும் கடக்க முடியுமா என்பதைப் பற்றி ஆய்லர் 1736இல் எழுதிய கணிதம் காற்றுக் கசிவை அடைக்க வந்து நிற்கிறது!

இந்தத் துறையில் வரும் மாணவர் ஆய்வேட்டை நான் பின்பக்கத்திலிருந்துதான் படிப்பேன். ரோபோ நகரும் படங்களை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். குழாயின் நீளமும் உள்விட்டமும் எழுதப்பட்டிருக்கின்றனவா, எத்தனை முறை புரண்ட பிறகு சவ்வின் எல்லை அழுத்தம் நகர்ந்தது, அறை சூடானபோது என்ன ஆனது, ஊட்டழுத்தம் தடுமாறினால் தொடாமலே வால்வு புரண்டதா என்றுதான் முதலில் தேடுகிறேன். இவற்றில் மிகக் குறைவாகக் கண்ணில் படுவது கடைசியாகச் சொன்னது. ஆற்றலும் சைகையும் ஒரே காற்றில் வருவதால் மின்னணு ரோபோவைவிட இங்கேதான் அந்தச் சோதனை கட்டாயம் தேவை.