எல்லோரிடமும் இருக்கும் ஒன்று

புற்றுநோய் தொற்றுநோய் அல்ல என்று நம் மருத்துவர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். நோயாளிக்குத் தனித்தட்டும் தனிக்குவளையும் ஒதுக்கும் வீடுகள் உள்ளவரை அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த வாக்கியத்தின் நிழலில் இன்னோர் உண்மை ஒதுங்கிவிட்டது. நோய் தொற்றுவதில்லை, சில புற்றுநோய்களைத் தொடங்கிவைக்கும் வைரஸ்கள் தொற்றுகின்றன. அவை அபூர்வமானவையும் அல்ல.

உகாண்டாவில் பணியாற்றிய அறுவை மருத்துவர் டெனிஸ் பர்க்கிட், குழந்தைகளின் தாடையில் வளரும் ஒரு கட்டியைப் பற்றி 1961இல் லண்டனில் உரையாற்றினார். வெப்பமும் மழையும் மிகுந்த நிலப்பகுதிகளில் மட்டுமே அது காணப்பட்டது. கேட்டுக்கொண்டிருந்த ஆன்டனி எப்ஸ்டீன், பூச்சிகள் பரப்பும் வைரஸ் ஒன்றைச் சந்தேகித்தார். கம்பாலாவிலிருந்து கட்டித் துணுக்குகள் விமானத்தில் வந்தன. இரண்டாண்டுகள் ஒன்றும் தென்படவில்லை. 1963 டிசம்பரில் மூடுபனியால் விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பிவிடப்பட, தாமதமாக வந்த குப்பியில் திரவம் கலங்கியிருந்தது. வேறொருவர் கெட்டுப்போனதென்று கொட்டியிருப்பார். அவர் நுண்ணோக்கியில் வைத்தார். உயிருள்ள செல்கள் மிதந்துகொண்டிருந்தன. அவற்றை வளர்த்தெடுத்துத்தான் 1964இல் எப்ஸ்டீன்-பார் வைரஸைக் கண்டார்கள்.

பிறகு வந்தது சங்கடம். உலகில் வயதுவந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இந்த வைரஸைச் சுமக்கிறார்கள். எல்லோரிடமும் இருப்பது எப்படி ஒரு சிலருடைய நோய்க்குக் காரணமாகும்? நியாயமான கேள்விதான். ஆனால் தீக்குச்சி எல்லா வீடுகளிலும் உண்டு. ஆப்பிரிக்கச் சிறுவனிடம், ஓயாத மலேரியாவோடு சேர்ந்து தாடைக்கட்டியாகும் அதே வைரஸ், தென்சீனத்தில் மூக்குத்தொண்டைப் புற்றுநோயோடு பிணைந்திருக்கிறது. மேலைநாட்டு இளைஞனுக்குச் சில வாரக் காய்ச்சலோடு போய்விடுகிறது. (எப்ஸ்டீன் சந்தேகித்த பூச்சி வைரஸைச் சுமக்கவில்லை, மலேரியாவைச் சுமந்தது. பாதி சரி.) காரணம் என்ற சொல்லை ஒருமையிலேயே பழகிவிட்டோம் என்பதுதான் இங்கே இடறுகிறது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் இந்த இடறல் இன்னும் கொடியது. அதற்குக் காரணம் பாப்பிலோமா வைரஸ் என்று ஹரால்ட் சுர் ஹவுசன் 1970களில் சொன்னபோது, பலரும் ஹெர்ப்பிஸையே சந்தேகித்துக்கொண்டிருந்தார்கள். 1983இலும் 1984இலும் அவர் குழு கட்டிகளிலிருந்து 16, 18 ஆகிய வகைகளைப் பிரித்தெடுத்தது; 2008இல் நோபல் பரிசு வந்தது. இந்த வைரஸும் சாதாரணமானதே. உடலுறவு வாழ்வுள்ளோரில் பெரும்பாலோரை ஒருமுறையேனும் தொடும்; பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானே மறையும். மறையாமல் தங்கிவிட்ட சிலரிடம்தான், பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்து, புற்றாகிறது. ஆகவே இதை ஒழுக்கத்தின் கணக்கில் எழுதுவது அறியாமை. ஒரே கணவனோடு வாழ்ந்த பெண்ணுக்கும் இது வரும். வெட்கத்தால் பரிசோதனைக்குப் போகாமல் இருப்பவரும் அவர்தான்.

இந்தியாவில் தடுப்பூசிக்கு வேறொரு தடையும் நேர்ந்தது. 2009-10இல் ஆந்திரத்திலும் குஜராத்திலும் நடந்த ஒரு திட்டத்தில் சிறுமிகள் சிலர் இறந்தனர். ஊசி காரணமன்று என்றது விசாரணை. ஆனால் ஒப்புதல் பெறப்பட்ட விதம் முறையற்றதாக இருந்தது. மக்களின் அவநம்பிக்கையை மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனமில்லை. அந்தச் சலசலப்பில், திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கை உட்படப் பல மையங்களில் நடந்த, அதனோடு தொடர்பற்ற இன்னோர் ஆய்வும் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 5,000 சிறுமியர் ஒரே தவணையோடு நின்றுபோயினர். பத்தாண்டு தொடர்ந்து கவனித்ததில், 16, 18 வகைகளின் நீடித்த தொற்றை அந்த ஒரு தவணையே ஏறக்குறைய முழுமையாகத் தடுத்தது தெரிந்தது. 2021இல் முடிவு வெளியானது. மறு ஆண்டு உலக சுகாதார நிறுவனம் ஒரு தவணையும் போதுமென்று ஏற்றது.

இனி பெற்றோரிடம் கையெழுத்து வாங்கும் தாளில், இந்த வைரஸ் எவ்வளவு சாதாரணமானது என்பதை நல்ல தமிழில் இரண்டு வரி எழுதிவிட்டுப் பிறகு ஊசியைப் பற்றிப் பேசலாம்.