ஹெல்மெட்டைப் பார்ப்பவர்கள் டயரையும் பார்க்க வேண்டும்

இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகள் கூட்டமைப்பின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,



சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் தடத்தில் கார் ஓட்டியவர்கள் அநேகமாகப் பந்தயக்காரர்கள்தான். இன்று நிலைமை வேறு. இருங்காட்டுக்கோட்டையிலும், கோவை காரி ஸ்பீட்வேயிலும், கிரேட்டர் நொய்டாவின் புத்த் சர்க்யூட்டிலும் ‘டிராக் டே’ நடக்கிறது. மருத்துவர், மென்பொருள் பொறியாளர், ஜவுளி வியாபாரி என்று யார் யாரோ சொந்தக் காரில் வந்து, கட்டணம் கட்டி, முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கிறார்கள். இது நல்ல மாற்றம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நள்ளிரவில் தீர்த்துக்கொள்ளப் பார்க்கும் வேக ஆசைக்கு உரிய இடம் தடம்தான்.

பந்தயமென்றால் தங்கள் விதிகளின்படி தொழில்நுட்பச் சோதனை உண்டு. டிராக் டே பந்தயமல்ல என்பதால் சோதனை அமைப்பாளருக்கு அமைப்பாளர் மாறுகிறது. சிலர் அக்கறையாகப் பார்க்கிறார்கள். பலர் ஹெல்மெட் இருக்கிறதா, பானெட் மூடியிருக்கிறதா, எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். காரையும் தரையையும் இணைக்கும் நான்கு டயர்களுக்கும், அவற்றைத் தாங்கும் நான்கு ரிம்களுக்கும் யாரும் குனிவதில்லை. இதற்கு நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு விதி வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

முதலில் டயரின் வயது. ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் அதை அடிக்கடி எடுப்பதில்லை. ஆண்டுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். அதனால் டயர் தேய்வதற்கு முன்பே ரப்பர் இறுகிவிடுகிறது. டிரெட் ஆழமாக, பார்க்கப் புதிதாக இருக்கும், பிடிப்பு போயிருக்கும். ஒரு டிராக் டேயில் பளபளவென்று நின்ற ஜெர்மன் கார் ஒன்றின் பின் டயரில் தேதியைப் பார்த்தேன். பத்தாண்டு பழையது. அதன் உரிமையாளருக்கு அப்படி ஒரு தேதி டயரில் இருப்பதே தெரியாது. சைட்வாலில் ‘டாட்’ என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள்தான் அது. 3221 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 32ஆவது வாரம் செய்தது.

2013 நவம்பரில் கலிபோர்னியாவில் நடிகர் பால் வாக்கர் இறந்த விபத்து நினைவிருக்கும். அவர் சென்றது போர்ஷே கரேரா ஜிடி. விபத்துக்கு முதற்காரணம் வேகம்தான் என்று விசாரணை அதிகாரிகள் சொன்னார்கள். கூடவே, அந்தக் காரின் டயர்கள் ஒன்பது ஆண்டு பழையவை என்றும், காரின் கட்டுப்பாட்டை அது பாதித்திருக்கலாம் என்றும் குறிப்பிட்டார்கள். ஐந்தாண்டுக்கு மேற்பட்ட டயரோடு தடத்தில் இறங்கக் கூடாது என்று விதி வகுத்தால் மறுப்பு வரும். அந்த மறுப்பைத் தாங்கள் பொருட்படுத்தக் கூடாது.

அடுத்தது, எந்த வகை டயர். புதிதாகத் தடத்துக்கு வருபவர் கேட்கும் முதல் கேள்வி, ‘செமி-ஸ்லிக் போடலாமா’ என்பதுதான். வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சாலைக்கென்றே செய்த உயர்தர டயர், உதாரணமாக மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ், வழுக்குவதற்கு முன் கிறீச்சிட்டு எச்சரிக்கும். பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். கற்றுக்கொள்பவருக்கு அந்த எச்சரிக்கை தேவை. யோகோஹாமா ஏ052, டோயோ ஆர்888ஆர் போன்ற செமி-ஸ்லிக் டயர்கள் சூடேறிவிட்டால் பிரமாதமாகப் பிடிக்கும். ஆனால் ஓட்டுபவரின் பிழைகளை அந்தப் பிடிப்பே மறைத்துவிடும். விடும்போது திடீரென்று விடும். முதல் லேப்பில் சூடேறாத நிலையிலும், ஐப்பசி மழையில் தேங்கிய தண்ணீரிலும் அவை சாதாரண டயரைவிட மோசம். வளைவில் நீண்ட நேரம் அதிக விசை நீடித்தால் இன்ஜின் ஆயில் சம்ப்பில் ஒருபக்கமாக ஒதுங்கி, பம்ப்புக்கு எட்டாமல் போகும் ஆபத்தும் உண்டு. டயருக்குச் செலவழித்த காசு இன்ஜினைக் காவு வாங்கும்.

டயரின் வேகக் குறியீட்டையும் பார்க்க வேண்டும். எச் என்றால் மணிக்கு 210, வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270, ஒய் என்றால் 300 கிலோமீட்டர். புத்த் சர்க்யூட்டின் நீண்ட நேர்பாதை ஒரு கிலோமீட்டருக்கு மேல். விலை குறைவு என்று எச் டயர் மாட்டிய சக்திவாய்ந்த கார் அங்கே அந்த எல்லையைத் தாண்டிவிடும். பஞ்சர் போட்ட டயரையும் தடத்தில் அனுமதிக்கக் கூடாது. ஊருக்குள் ஓட்ட அந்த ஒட்டு போதும், இங்கே போதாது.

காற்றழுத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டிராக் டேயில் மிக அதிகமாகத் தவறு நடப்பது இதில்தான். செலவே இல்லாமல் திருத்தக்கூடியதும் இதுதான். சென்னைக் காலையில் 30 டிகிரியில் 32 பிஎஸ்ஐ அடித்துக்கொண்டு வருகிறார் ஒருவர். நாலைந்து லேப் வேகமாக ஓட்டினால் டயருக்குள் காற்று 80 டிகிரியைத் தொடலாம். அப்போது அழுத்தம் ஏறக்குறைய 40க்குப் போயிருக்கும். டயரின் நடுப்பகுதி புடைத்து, தரையைத் தொடும் பரப்பு சுருங்கும். கார் வழுக்கும். வழுக்கினால் இன்னும் சூடேறும், அழுத்தம் இன்னும் கூடும். ஓட்டுபவர் பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் குறை சொல்லிக்கொண்டிருப்பார். ஓட்டி முடித்துப் பிட்டுக்கு வந்தவுடன், சூட்டோடு அளந்து, காரின் நான்கு மூலைகளிலும் கூடுதல் காற்றை இறக்கி, வீடு திரும்பும் முன் டயர் ஆறியதும் மறுபடி நிரப்பிக்கொண்டால் தீர்ந்தது. ஒவ்வொரு பிட்டிலும் சரியான ஒரு கேஜும் காற்றுக் குழாயும் இருக்க வேண்டும் என்று தாங்கள் கட்டாயமாக்கினால் போதும்.

அதேபோல், முழு டிரெட் உள்ள புத்தம்புதிய டயரை நேரே தடத்துக்குக் கொண்டுவருவதும் நல்லதல்ல. எட்டு மில்லிமீட்டர் உயர ரப்பர்க் கட்டைகள் வளைவில் நெளிந்து, கொதித்து, துண்டு துண்டாகப் பிய்ந்து வரும். மே மாத மதியத்தில் தார்ப்பரப்பே 50 டிகிரியைத் தாண்டும் நம் ஊரில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். சாலையில் ஓடிப் பாதி தேய்ந்த, ஆனால் வயதாகாத டயர்தான் தடத்துக்கு ஏற்றது. இதை அறிமுக வகுப்பிலேயே சொன்னால் பலருடைய பணம் மிச்சமாகும்.

இனி ரிம். ஷோரூமில் 20, 21 அங்குல ரிம் கம்பீரமாகத் தெரியும். தடத்தில், பிரேக் காலிப்பருக்கு இடம் விட்டு எவ்வளவு சிறியதாகப் போக முடியுமோ அவ்வளவு நல்லது: எடை குறையும், டயரின் பக்கச்சுவர் உயரும், டயர் விலையும் குறையும். ஒட்டுமொத்த விட்டம் மட்டும் பழைய அளவுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். ஜப்பானின் ரேஸ் நிறுவனம் செய்யும் டிஇ37 ரிம் இவ்வளவு புகழ்பெற்றது அது ஃபோர்ஜ் செய்யப்பட்டது, எடை குறைந்தது, உறுதியானது என்பதால். அதே தோற்றத்தில் அச்சில் வார்த்த போலிகள் கால்வாசி விலைக்குக் கிடைக்கின்றன. வளைவில் கெர்பின் மீது ஏறும்போது அவை எப்படி நடந்துகொள்ளும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. சாலைக் குழியில் விழுந்து வளைந்ததை வெல்டிங் வைத்து நிமிர்த்திய ரிம்மைத் தடத்தில் அனுமதிக்கவே கூடாது. விரிசல் பெரும்பாலும் உள்பக்கத்தில்தான் தொடங்கும். வெளியே நின்று பார்த்தால் தெரியாது.

வெளிக்கடை ரிம் வாங்குபவர்கள் போல்ட்களின் எண்ணிக்கையும் இடைவெளியும் சரியாக இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். ஃபோக்ஸ்வாகனின் ஹப் விட்டம் 57.1 மில்லிமீட்டர். பொது ரிம்களின் நடுத்துளை பெரும்பாலும் 73.1. இடைவெளியை நிரப்ப வளையம் வேண்டும். பிளாஸ்டிக் வளையம் பிரேக் சூட்டில் உருகும், அலுமினியமே சரி. அந்த நிறுவனத்தின் போல்ட் உருண்டை இருக்கை கொண்டது. வெளிக்கடை ரிம் பலவற்றில் கூம்பு இருக்கை. இரண்டும் பொருந்தாவிட்டால் எவ்வளவு முறுக்கினாலும் போல்ட் தளர்ந்துவிடும். டயர் கடையில் ஏர் கன்னால் அடித்து அனுப்புவதை நம்பக் கூடாது. பல ஐந்து போல்ட் போர்ஷேக்களுக்கு முறுக்கு அளவு 160 நியூட்டன் மீட்டர், பல ஃபோக்ஸ்வாகன் கார்களுக்கு 120. டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்க்க வேண்டும்; முதல் சுற்று ஓட்டி ஆறியபின் மறுபடி பார்க்க வேண்டும்.

இவ்வளவு கெடுபிடி பொழுதுபோக்குக்குத் தேவையா என்று சிலர் தங்களிடம் கேட்பார்கள். அவர்களுக்கு 2005 ஜூன் மாதத்து இண்டியானபோலிஸைச் சொல்லுங்கள். அமெரிக்க கிராண்ட் பிரீயின் வெள்ளிக்கிழமைப் பயிற்சியில், சாய்வான 13ஆவது வளைவில் ரால்ஃப் ஷூமாக்கரின் டொயோட்டாவின் பின் டயர் போய், கார் சுவரில் மோதியது. தன் டயர்கள் அந்த வளைவின் பளுவை முழுப் பந்தயத்துக்கும் தாங்கும் என்று மிஷெலினால் உறுதி சொல்ல முடியவில்லை. ஞாயிறன்று மிஷெலின் மாட்டிய 14 கார்கள் முன்னோட்ட லேப்போடு பிட்டுக்குத் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் மாட்டிய 6 கார்கள் மட்டுமே பந்தயம் ஓடின. உலகின் தேர்ந்த பொறியாளர்கள், உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது, டயரில் சந்தேகம் என்றவுடன் காரை நிறுத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை டிராக் டேயில் ஒரு காரை நிறுத்துவது அதைவிடக் கடினமல்ல.

இன்னொன்றும் கேட்கிறேன். டயர் தொழிலுக்கு நடுவில்தான் இருங்காட்டுக்கோட்டைத் தடம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் ஜேகே, ஒரகடத்தில் அப்போலோ ஆலைகள் இருக்கின்றன. எம்ஆர்எஃப் பிறந்ததே சென்னை திருவொற்றியூரில். பந்தயத்துக்கு டயர் செய்து பழகிய நிறுவனங்கள் இவற்றில் உண்டு. ஒவ்வொரு டிராக் டேக்கும் வெப்பமானியோடு ஒரு டயர் தொழில்நுட்பவியலாளரை அனுப்பும்படி கூட்டமைப்பு கேட்டால் மறுப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. டயரின் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்று இடத்தில் சூட்டை அளந்து, ‘உங்களுக்குக் காற்று அதிகம்’, ‘உங்களுக்கு கேம்பர் போதவில்லை’ என்று அவர் சொல்லும் ஒரு வாக்கியம் ஓட்டுபவருக்குப் பெரிய பாடமாக இருக்கும்.

டயரின் வயது, வேகக் குறியீடு, பஞ்சர், ரிம் விரிசல், ஹப் வளையம், போல்ட் இருக்கை, முறுக்கு அளவு. ஒரு காருக்குப் பத்து நிமிடம் ஆகும். அடுத்த பருவம் தொடங்கும் முன், இவற்றை ஒரே பக்கத்தில் விதியாக அச்சிட்டு எல்லாத் தடங்களுக்கும் அனுப்பி, அந்தத் தாளில் கையெழுத்து விழாமல் எந்தக் காரும் பிட்டை விட்டு வெளியே போகாதபடி செய்யுங்கள். தங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தடத்தில் கார் ஓட்டும் சென்னைவாசி ஒருவர்