புது எக்ஸ்பல்ஸா, பழைய எக்ஸ்பல்ஸா?

மூன்று வாரமாக எங்கள் டீக்கடையில் இதே பஞ்சாயத்துதான். பி.காம். கடைசி வருஷம் முடியப் போகிறது. "காலேஜ் முடிச்சு வேலைக்குப் போகணும்னா ஒரு வண்டி வேணும், பாத்து வைடா" என்று அப்பா தானாகவே வாயைத் திறந்துவிட்டார். ஷோரூமில் நிற்கும் புது எக்ஸ்பல்ஸ் 210 ஒரு பக்கம். பெங்களூரில் வேலை கிடைத்துப் போன என் பெரியப்பா மகன் வீட்டில் விட்டுவிட்டுப் போன 2019 மாடல் எக்ஸ்பல்ஸ் 200 இன்னொரு பக்கம். "எழுபதாயிரம் குடுத்துட்டு எடுத்துக்கோடா" என்கிறார் அண்ணன். நண்பர்கள் அத்தனை பேரும் புது வண்டிக் கட்சி. நான் மட்டும் பழைய வண்டிக் கட்சி. எனக்குக் கஞ்சன் என்று பட்டமும் கொடுத்தாகிவிட்டது. கஞ்சத்தனம் அல்ல, கணக்கு என்று விளக்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். மட்கார்டு தூக்கலாக இருந்து, முன் சக்கரம் பெரிதாக இருந்தால் எங்கள் ஊரில் அது மோட்டோகிராஸ் வண்டி. உண்மையான மோட்டோகிராஸ் வண்டிக்கு ஹெட்லைட்டும் கிடையாது, நம்பர் பிளேட்டும் கிடையாது. வேலி போட்ட மண் டிராக்கில் பந்தயம் ஓட்ட மட்டுமே செய்தது. அதை நம் சாலையில் இறக்க முடியாது. நம்பர் பிளேட்டும் வேண்டும், மண்ணிலும் ஓட வேண்டும், நம்மைப் போன்றவர்கள் நினைத்துப் பார்க்கிற விலையிலும் இருக்க வேண்டும் என்றால் என் கண்ணுக்குத் தெரிவது இந்த எக்ஸ்பல்ஸ் குடும்பம்தான்.

குடும்பத்தின் மூத்த பிள்ளை இம்பல்ஸ். ஹீரோ கம்பெனி 2011-ல் கொண்டு வந்தது. 150 சிசி, சுமார் 13 குதிரைத்திறன், 134 கிலோ. வண்டி நல்ல வண்டிதான், ஆனால் வாங்க ஆள் இல்லாமல் சில வருஷங்களில் நின்றுபோனது. பிறகு 2019 மே மாதம் எக்ஸ்பல்ஸ் 200 வந்தது. கார்புரேட்டர் மாடல் எக்ஸ்-ஷோரூம் விலை 97,000 ரூபாய். 2020-ல் பிஎஸ்-6 விதி வந்ததும் கார்புரேட்டர் போய்விட்டது, எஞ்சினுக்கு ஆயில் கூலர் வந்தது. 2021-ல் நான்கு வால்வு எஞ்சின். 2025 ஜனவரியில் புத்தம் புது எஞ்சினோடு எக்ஸ்பல்ஸ் 210.

இனி எண்களைப் பார்ப்போம். 2019 வண்டி 199.6 சிசி, காற்றில் குளிரும் எஞ்சின், 18.4 குதிரைத்திறன், 5 கியர், 154 கிலோ. முன் சஸ்பென்ஷன் 190 மில்லிமீட்டர் இறங்கும், பின் பக்கம் 170. புது 210-ல் தண்ணீரில் குளிரும் எஞ்சின், 24.6 குதிரைத்திறன், 6 கியர், 168 கிலோ. சஸ்பென்ஷன் முன்னால் 210, பின்னால் 205 மில்லிமீட்டர். பழையதில் முன் சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ், புதியதில் இரண்டுக்கும். சக்தி 34 சதவீதம் கூடியிருக்கிறது, எடை 9 சதவீதம்தான் கூடியிருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் வாதாடவே வழியில்லை. புது வண்டி ஜெயித்துவிட்டது.

டெஸ்ட் ரைடு போனபோதும் அப்படித்தான் இருந்தது. நெடுஞ்சாலை 44-ல் ஆறாவது கியர் போட்டதும் வண்டி அலட்டிக்கொள்ளாமல் போகிறது. அண்ணனின் வண்டி 80-ஐத் தாண்டினால் கைப்பிடியில் நடுங்க ஆரம்பிக்கும், நமக்கே பாவமாக இருக்கும். மறைக்காமல் சொல்கிறேன், திரும்பி வரும்போது என் மனசும் 210 பக்கம் சாய்ந்துவிட்டது.

ஆனால் இந்த வண்டி எனக்கு எதற்கு? கோடையில் வற்றிக் கிடக்கும் ஏரிக்குள் ஓட்ட. மாந்தோப்பு வழியாகக் கரடு ஏறி இறங்க. அங்கே ஓட்டக் கற்றுக்கொள்வது என்றால் விழக் கற்றுக்கொள்வது என்று அர்த்தம். அண்ணனின் வண்டியில் முதல் மாதம் ஏழு தடவை விழுந்தேன். ஏழு தடவையும் நானே தூக்கி நிறுத்தினேன். ஏழாவது தடவை கை கால் எல்லாம் நடுங்கியது. அந்த நிலைமையில் கூடுதலாக 14 கிலோ என்பது ஒரு அரிசி மூட்டையில் பாதி. டெஸ்ட் ரைடில் அந்த எடை தெரியாது. ஷோரூம்காரர் யாரையும் விழச் சொல்லிப் பார்ப்பதில்லையே!

சக்தி விஷயமும் அப்படியே. 2019 எஞ்சின் முழுச் சக்தியை 8,000 சுற்றில் தருகிறது, புதியது 9,250 சுற்றில். கூடுதல் குதிரைகள் பெரும்பாலும் மேல் மாடியில் இருக்கின்றன. கல்லும் மணலும் கிடக்கிற ஏரியில் முதல் கியர், இரண்டாம் கியரில் தத்தித் தத்திப் போகிற எனக்கு அந்த மாடிக்கு ஏறுகிற வேலையே இல்லை.

அடுத்தது ரிப்பேர். கார்புரேட்டரில் தூசி அடைத்தால் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணா கால் மணி நேரத்தில் கழற்றி ஊதி மாட்டிவிடுவார். கிளட்ச் லீவர் வளைந்தால் இன்னொன்று வாங்கி மாட்டினால் தீர்ந்தது. புது எஞ்சினில் ரேடியேட்டர், தண்ணீர்க் குழாய், சென்சார் எல்லாம் உண்டு. அது குறை அல்ல. அதனால்தான் அந்த எஞ்சினுக்கு அந்தச் சக்தி. ஆனால் ஒரு கல் பட்டு ரேடியேட்டர் ஒழுகினால் கரட்டின் நடுவில் ஊதி மாட்ட முடியாது. 2024 டக்கார் ராலியில் ஹீரோ அணியின் ராஸ் பிராஞ்ச் இரண்டாம் இடம் பிடித்தார். அதே ராலியில் ஷெர்கோ டிவிஎஸ் அணியின் நம்ம ஹரித் நோவா ராலி 2 பிரிவில் முதலிடம் வாங்கினார். படித்தால் எனக்கும் ரத்தம் சூடாகிறது. ஆனால் அவர்களுக்கு ராத்திரி வண்டியைப் பிரித்து மேய ஒரு கூட்டமே காத்திருக்கிறது. எனக்கு இருப்பது ஒரே ஒரு மெக்கானிக் அண்ணா. அவரும் ஞாயிற்றுக்கிழமை லீவு.

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். 97,000 எங்கே, 2025 தொடக்கத்தில் 210-க்குச் சொன்ன சுமார் 1,76,000 எங்கே என்று நண்பனிடம் நானே குதித்தேன். அது நியாயமான ஒப்பீடு அல்ல. வருஷத்துக்கு 5 சதவீதம் விலைவாசி ஏற்றம் என்று வைத்தாலே ஆறு வருஷத்தில் 97,000 என்பது 1,30,000 ஆகிவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதை முழுசாகக் கழித்தால் 1,76,000 என்பது 1,62,000 பக்கம் வருகிறது. மிச்ச வித்தியாசம் 32,000 ரூபாய். அந்தப் பணத்துக்கு இவ்வளவு புதிய எஞ்சின் என்றால் கொள்ளை என்று சொல்ல முடியாது. கம்பெனி மேல் எனக்கு வருத்தமில்லை.

வருத்தம் கடன் மேல்தான். ஒன்றரை லட்சம் கடன், மூன்று வருஷம், "12 பர்சென்ட்தான் சார்" என்றால் உடனே கேளுங்கள்: ஃபிளாட் வட்டியா, குறையும் நிலுவைக்கா? ஃபிளாட் என்றால் வட்டி மட்டும் 54,000, மாதம் 5,667 ரூபாய். அசல் குறையக் குறைய வட்டியும் குறைகிற கணக்கு என்றால் மாதம் 4,982, வட்டி மொத்தம் 29,000 சொச்சம். இரண்டுக்கும் பெயர் "12 சதவீதம்"தான். ஃபிளாட் 12 என்பது உண்மையில் 21 சதவீதத்துக்குச் சமம். வேலையே கிடைக்காத நான் கையெழுத்துப் போட முடியாது, அப்பாதான் போட வேண்டும். என் பொழுதுபோக்குக்கு அவர் தேங்காய்க் காசில் மூன்று வருஷம் தவணை கட்டுவதா?

அப்பா சந்தைக்குத் தேங்காய் மூட்டை ஏற்றிப் போவது ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல்லில். ஓசூர் கம்பெனி. 1980-ல் அங்கே டிவிஎஸ் 50 வந்தபோது ஓசூர் எங்கள் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது, 2004-ல்தான் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது. ஏரிக்கரை, ஓடை, உழுத வயல் என்று அந்த எக்ஸ்எல் போகாத இடமில்லை. அதற்குச் சக்தியும் இல்லை, சஸ்பென்ஷனும் இல்லை. லேசாக இருக்கிறது, விழுந்தால் தூக்கிவிடலாம், எவரும் ரிப்பேர் செய்யலாம். யோசித்துப் பார்த்தால் எங்கள் ஊரின் அசல் மோட்டோகிராஸ் வண்டி அதுதான்! மண் ரோட்டுக்கு என்ன வேண்டும் என்று அப்பாவுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

அதற்காகப் புது வண்டி வாங்குகிறவன் ஏமாளி என்று சொல்லவில்லை. தினமும் ஓசூருக்கு வேலைக்குப் போகிறவர், சொந்தச் சம்பளம் வாங்குகிறவர், மண்ணில் ஏற்கனவே ஓட்டத் தெரிந்தவர், இவர்கள் 210 எடுக்கலாம். ஆறாவது கியரும் இரண்டு சக்கர ஏபிஎஸ்ஸும் அவர்களுக்கு நிஜமாகவே பயன்படும். என்னைப் போல இனிமேல்தான் விழ வேண்டியவர்கள் பழையதில் விழட்டும். இந்த மாதிரி வண்டியை எத்தனை குதிரை என்று ஒப்பிடுவதை விட, ஒரு தடவை விழுந்தால் என்ன செலவு என்று ஒப்பிடுங்கள் என்பதுதான் என் கட்சி.

அண்ணனிடம் பேசிவிட்டேன். எழுபது அறுபத்தைந்தாக இறங்கியிருக்கிறது. ஜிஎஸ்டி குறைந்ததால் பழைய வண்டி விலையும் இறங்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்ததன் பலன். மிச்சமாகிற பணத்தில் முதல் செலவு ஒரு நல்ல ஹெல்மெட்டும் முழங்கால் கார்டும். விழப் போவது உறுதி, அதில் மட்டும் கஞ்சத்தனம் கிடையாது.